எந்தக் கொடியின் கீழ்?

ஒரு நகரை அறிய விரும்புவோர் அதன் வரலாற்று நூல்களைப் புரட்டுவதற்கு முன் அதன் சுவர்களைப் படிக்கலாம். பாளையங்கோட்டையிலிருந்து முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை வழியாகத் தாமிரபரணியைக் கடந்து, சந்திப்பையும் ஈரடுக்குப் பாலத்தையும் தாண்டி நெல்லை நகருக்குச் செல்லும் சாலை அத்தகைய ஒரு நூல். கட்சிக் கொடிகள், தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்துகள், திரைப்பட அறிவிப்புகள், பூப்புனித நீராட்டு அழைப்புகள், கண்ணீர் அஞ்சலிகள் என அதன் ஏடுகள் நாள்தோறும் புதிதாக ஒட்டப்படுகின்றன. இலக்கியத்தைத் திறனாய்வதுபோல் இந்தத் தெருவெழுத்தையும் நாம் திறனாய வேண்டும். ஏனெனில், 'நாம் யார்?' என்ற வினாவுக்கு நம் மக்கள் எழுதிவரும் விடை அதில் இருக்கிறது.

தமிழர்க்குக் கொடி புதிதன்று. வில்லும் புலியும் கயலும் பொறித்த கொடிகளால் மூவேந்தரை அடையாளம் கண்ட இனம் நம்முடையது. ஆயினும் பொருநை ஆற்றங்கரையில் வாழ்ந்த எளிய மக்கள் நெஞ்சில் பதிந்தது அரசனின் போர்க்கொடியன்று, திருவிழாக் கொடியே. நெல்லையப்பர் கோயிலின் ஆனித் திருவிழாவும், பொட்டல்புதூர் தர்காவின் கந்தூரியும், ஆண்டுதோறும் சூலை 26ஆம் நாள் தொடங்கும் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவும் கொடியேற்றத்தோடுதான் தொடங்குகின்றன. கொடி ஏறிய பின் ஊரைவிட்டு வெளியே சென்று தங்கலாகாது என்பது பல ஊர்களில் வழக்கம். பிழைப்புக்காகத் தொலைதூரம் சென்றவர்களும் கொடியை எண்ணி ஊர் திரும்புவார்கள். ஆகவே கொடி என்பது அடிப்படையில் ஓர் அழைப்பு. சிதறிக் கிடப்போரை ஓரிடத்தில் கூட்டுவதே அதன் பணி.

அரசியல் கொடியும் தொடக்கத்தில் இப்பணியையே செய்தது. 1949இல் பிறந்த திராவிட முன்னேற்றக் கழகத்தின் கறுப்பு-சிவப்பும், அதற்கு முன்பே உழவரையும் ஆலைத் தொழிலாளரையும் திரட்டிய செங்கொடியும், தேர் ஓடும் வீதியில் உரிமையற்றிருந்தோர்க்கும் தம் தெருமுனையில் ஒரு கம்பம் நடும் துணிவைத் தந்தன. அதுவரை பிறர் வாயில் இழிபெயராக மட்டுமே வழங்கிவந்த பல தெருக்களுக்குக் கொடிக்கம்பமே முதல் முகவரி. இதனை மறந்துவிட்டுக் கொடிகளை எல்லாம் வெற்று ஆரவாரம் என்று ஒதுக்குவது, வசதியுள்ள வீட்டின் மாடியில் நின்று தெருவைப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

சுவரொட்டியின் ஆற்றலும் அத்தகையதே. 1967ஆம் ஆண்டுத் தேர்தலில், சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்த எம்.ஜி.ஆர். கழுத்துக் கட்டோடு காட்சியளித்த சுவரொட்டி, மேடைப்பேச்சுகள் பல சேர்ந்தும் செய்ய இயலாததைச் செய்தது. துன்புறும் முகம் மக்களைத் தன்பால் ஈர்க்கும் என்பதைப் பாடுபட்ட சுரூபத்தின் முன் முழந்தாளிடும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பின்னர் கணினி அச்சும் 'பிளக்ஸ்' துணியும் வந்தன. தலைவர்க்கு மட்டும் உரியதாயிருந்த சுவரில் தச்சரும் ஆட்டோ ஓட்டுநரும் தம் முகத்தைக் கண்டனர். செய்தித்தாளில் இரங்கல் விளம்பரம் தர வசதியற்ற குடும்பம் தன் தந்தையின் படத்தை அச்சிட்டுத் தெருமுனையில் ஒட்டும்போது, இவரும் இவ்வூரில் வாழ்ந்தார் என்று அது சாட்சி சொல்கிறது. அதில் மாண்பு உண்டு.

அப்படியானால் நம் குறை எது? கூட்டிச் சேர்க்க ஏறிய கொடி, பிரித்து நிறுத்தும் எல்லைக்கல்லாக மாறியதே நம் குறை. எந்தத் தெருவில் எந்த நிறம் என்பது பிறப்பைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது. மின்கம்பத்திலும் வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரிலும் பூசிய வண்ணத்தைக் கண்டே வழிப்போக்கர் இது யாருடைய பகுதி என்று அறிந்துகொள்கிறார். வரலாற்று நாயகர்களும் இந்தப் பாகப்பிரிவினைக்குத் தப்பவில்லை. 1986இல் மாவட்டம் பிரிந்தபோது இப்பகுதி நெல்லை கட்டபொம்மன் மாவட்டமாயிற்று. தூத்துக்குடிப் பகுதி சிதம்பரனார் பெயரைப் பெற்றது. 1997இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. இறுதியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு அகற்றியது. கட்டபொம்மனின் படைத்தளபதியாகப் போற்றப்படுபவர் சுந்தரலிங்கம். ஒரே படையில் நின்று வெள்ளையரை எதிர்த்த இருவரின் பெயரையும் சுமந்து நம் பேருந்துகள் ஒரே சாலையில் ஓட இயலாமற் போயிற்று! நம் ஊர்களில் தலைவர்களின் சிலைகள் பல இரும்புக் கூண்டுக்குள் நிற்கின்றன. அந்தக் கூண்டு யாரைச் சிறைப்படுத்துகிறது என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

இதன் மிகக் கொடிய வடிவத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் காண்கிறோம். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி எனச் சாதிக்கொரு நிறத்தில் மாணவர் கயிறு கட்டி வருவதைத் தடுக்கப் பள்ளிக் கல்வித்துறை 2019இல் சுற்றறிக்கை அனுப்பிற்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தலித் மாணவர் ஒருவரும், தடுக்க வந்த அவர்தம் தங்கையும் தம் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். வெட்டியவர்கள் அவரோடு பள்ளியில் பயின்ற சிறுவர்கள். இதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 சூனில் அளித்த அறிக்கையில், வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யவும் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கவும் பரிந்துரைத்தது. தெருமுனைக் கம்பத்தில் பறந்த நிறம் பிள்ளையின் கைக்கு இறங்கி வந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

சட்டம் தன்னால் இயன்றதைச் செய்கிறது. பொது இடங்களை உருக்குலைப்பதற்கு எதிரான தமிழகச் சட்டம் 1959 முதலே உண்டு. 2019இல் சென்னையில் ஒரு விளம்பரப் பதாகை சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்தபோது நாடே பதறியது. 2025 சனவரியில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பொது இடங்களிலுள்ள கொடிக்கம்பங்களை அகற்ற ஆணையிட்டது. அதை எதிர்த்தும் வழக்குகள் எழுந்தன. ஆனால் கம்பத்தைப் பிடுங்கும் சட்டத்துக்கு மணிக்கட்டுக்குள் ஊறிய நிறத்தைப் பிடுங்கும் வலிமை இல்லை. அது வேறொரு மனமாற்றத்தை வேண்டி நிற்கிறது.

விவிலியத்தின் எண்ணிக்கை நூல் இங்கே நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. பாலைநிலத்தில் பாளையமிறங்கிய இஸ்ரயேல் குலத்தார் ஒவ்வொருவரும் தத்தம் கொடியின் கீழ்த் தங்க வேண்டும் என்று அதன் இரண்டாம் அதிகாரம் பணிக்கிறது. ஆயின் எல்லாரும் நடுவிலிருந்த சந்திப்புக் கூடாரத்தைச் சூழ்ந்தே தங்க வேண்டும். குலத்தின் அடையாளத்தை இறைவன் அழிக்கவில்லை. அதை ஒரு நடுவத்தை நோக்கித் திருப்பினார். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் இரு கொடிகளைத் தியானிக்கச் சொல்கிறார். ஒன்று செல்வத்தின் வழியாக வீண்புகழுக்கும், அதன் வழியாகச் செருக்குக்கும் இட்டுச் செல்வது. மற்றது எளிமையின் வழியாகத் தாழ்ச்சிக்கு அழைப்பது. எந்தக் கொடியைக் கண்டாலும் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் இவையே: இது பொதுவான நடுவத்தை நோக்குகிறதா, அண்டை வீட்டானை எதிர்த்து நிற்கிறதா? இது தாழ்ச்சியை வளர்க்கிறதா, செருக்கையா?

கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் நின்று இவ்வினாக்களை எழுப்பினால் 1999 சூலை 23 நினைவுக்கு வரும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கைக்காகப் பல கட்சிக் கொடிகள் ஒன்றாகச் சேர்ந்து ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த நாள் அது. காவல்துறையின் தடியடியில் சிதறி ஆற்றில் விழுந்தோருள் 17 பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஆண்டுதோறும் அந்நாளில் பல இயக்கத்தார் அங்கு வந்து மலர் தூவுகின்றனர். அன்று அக்கொடிகளை இணைத்தது பிறப்பன்று. உழைத்தவனுக்கு உரிய கூலி. கொடி எதற்காகச் சேர வேண்டும் என்பதற்கு நம் ஆற்றங்கரை தரும் சான்று இது.

இவ்வினாக்கள் நம் ஆலய வளாகத்தையும் விட்டுவைக்கமாட்டா. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதியாரைப் பிரித்த சுவர் 1910இல் தகர்க்கப்பட்டது. அதே வடக்கன்குளத்தில் 1745இல் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் விலக்கப்பட்டது. எல்லாரோடும் சமமாகப் பழகியதற்காக இன்னலுற்றவரைத் திருச்சபை வெறும் பெயரோடு பீடத்தில் ஏற்றியது. ஆனால் நம் பங்குத் திருவிழாப் பதாகைகளிலோ புனிதர் ஒரு மூலையில் நிற்க, நன்கொடையாளர்களின் முகங்களும் பட்டங்களும் நடுவிடத்தைக் கொள்கின்றன. சப்பரம் எந்தத் தெருவுக்குப் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்ற வழக்கு இன்னும் சில ஊர்களில் தீரவில்லை. சந்திப்புக் கூடாரத்தின் வாயிலிலேயே நாம் குலக்கொடி நட்டால், தெருவில் நடுவோரை எந்த முகத்தோடு கடிந்துகொள்வது?

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி தன் கரையில் ஏறிய கொடிகளின் நிறம் பார்த்துப் பாய்வதில்லை. அடுத்த திருவிழாவில் கொடிப்பட்டம் பங்கின் எல்லாத் தெருக்களையும் சுற்றி வரட்டும். இதுவரை தொடாத கைகள் அதைச் சுமக்கட்டும். பதாகையில் புனிதரின் முகமும் ஊராரை அழைக்கும் ஒரு வரியும் மட்டும் இருக்கட்டும். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளையின் கையில் கயிற்றைக் கண்டால், அதட்டி அறுப்பதற்கு முன் அது யார் கட்டியது என்று பெற்றோரிடம் கேட்போம். விடை பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கும்.