விகுதியில் ஒட்டிய வாஞ்சை

சேமியா பாக்கெட்டின் மேல் ஆங்கில எழுத்தில் 'வெர்மிசெல்லி' என்று அச்சிட்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருப்போம். அது இத்தாலியச் சொல். 'வெர்மே' என்றால் புழு. பாயசம் குடிக்கும் நேரத்தில் இதைச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் முழுப் பொருளையும் கேட்டுவிட வேண்டும்: குட்டிப் புழுக்கள். அந்தக் 'குட்டி'யில்தான் என் மனம் லயித்துப் போகிறது.

நாம் குட்டி, சிறு, பிஞ்சு என்று முன்னால் ஒரு சொல்லை வைத்துச் செல்லம் கொஞ்சுகிறோம். இத்தாலியர் அதைக் கடைசியில் விகுதியாக ஒட்டிவிடுகிறார்கள். அவர்களுடைய பாஸ்தா பெயர்களைப் பாருங்கள். 'ஸ்பாகோ' கயிறு, 'ஸ்பாகெட்டி' சின்னக் கயிறுகள். 'லிங்குவா' நாக்கு, 'லிங்குவினே' குட்டி நாக்குகள். பருமன்கூட விகுதியிலேயே இருக்கிறது. ஸ்பாகெட்டி மெலிந்தால் 'ஸ்பாகெட்டினி', தடித்தால் 'ஸ்பாகெட்டோனி'. கண்ணால் பார்க்குமுன் காதே அளந்துவிடும்!

எனக்கு மிகவும் பிடித்த பெயர் 'ஒரெக்கியெத்தே'. குட்டிக் காதுகள். தெற்கே புலியா மாநிலத்துப் பாஸ்தா இது. பாரி நகரின் பழைய பகுதியில், 'ஆர்க்கோ பாஸ்ஸோ' என்னும் சந்தில், பெண்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து செய்கிறார்கள். முட்டை கிடையாது, டியூரம் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். பிசைந்த மாவைக் கயிறுபோல் உருட்டித் துண்டு போடுகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் கத்தியால் பலகையோடு அழுத்தி இழுத்து, கட்டைவிரல் மேல் கவிழ்த்துப் புரட்டிவிடுகிறார்கள். உள்ளே குழி, வெளியே சொரசொரப்பு, சுற்றிலும் மெல்லிய மடல். பிள்ளையின் காதை வருடிய விரல்தான் இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும் என்று தோன்றும். 'சீமே தி ராபா' என்னும் லேசாகக் கசக்கும் கீரையும் பூண்டு மணக்கும் ஆலிவ் எண்ணெயும் அந்தக் குழிக்குள் வந்து தங்கும்.

எல்லாப் பெயரிலும் இந்தக் கொஞ்சல் இல்லை. 'ஸ்ட்ரோட்ஸாப்ரேத்தி' என்றொரு பாஸ்தா உண்டு. பாதிரியாரின் கழுத்தை நெரிப்பது என்று பொருள்.

இனி அந்தப் புழுவுக்கு வருவோம். இத்தாலியில் வெர்மிசெல்லி நம் சேமியாபோல் மெலிதாக இராது. ஸ்பாகெட்டியைவிடச் சற்றுத் தடிமன். சேமியா அளவுக்கு மெலிந்த இழைக்கு அங்கே வேறு பெயர்: 'கபெல்லி தாஞ்ஜெலோ', தேவதூதரின் தலைமுடி. நம் ஊர்க் கத்தோலிக்கப் பாட்டிகளின் பேச்சில் சொல்வதானால், சம்மனசின் தலைமுடி. நெய்யில் பொன்னிறமாக வறுபட்டுப் பாலில் மிதக்கும் இழையைப் பார்த்தால், இந்தப் பெயரே பொருந்துகிறது.