பாதிரி என்னும் சொல்லும் தந்தை என்னும் உரிமையும்

பாதிரி என்னும் சொல்லுக்குத் தகப்பன் என்பதே மூலப்பொருள். ஆதலால் குருவானவர் சபைக்குத் தகப்பன். தகப்பனுக்குக் கீழ்ப்படிவது பிள்ளைகளின் கடமை. இவ்வகை வாதம் நம் பிரசங்க பீடங்களிலிருந்து அவ்வப்போது எழுவதுண்டு. செவிக்கு இனிய இவ்வாதம் ஆய்வுக்கு முன் நிற்குமா என்பதை ஈண்டு நோக்குவோம்.

இலத்தீன் மொழியின் 'பாத்தெர்' என்பதே இச்சொல்லின் மூலம். அம்மொழியிலேயே அது பெற்றவனை மட்டும் குறிக்கவில்லை. உரோமச் சட்டத்தில் குடும்பத் தந்தை என்பது ஓர் அதிகார நிலை. பிள்ளையில்லாதவனும் அந்நிலையை உடையவனாகலாம். இலத்தீனின் வழிமொழிகளில் இச்சொல் பல வழிகளில் பிரிந்தது. இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் 'பாத்ரே' என்பது பெற்ற தந்தையைக் குறிக்கும். குருவை விளிக்கவும் பயன்படும். பிரெஞ்சு மொழியின் 'பேர்' என்பதும் அத்தகையதே. ஆயினும் அங்குள்ள புரொட்டஸ்டண்டு சபையார் தம் ஊழியரை மேய்ப்பன் எனப் பொருள்படும் வேறு சொல்லாலேயே அழைக்கின்றனர். போர்த்துக்கீசியத்திலோ தகப்பன் 'பாய்' ஆனான்; 'பாத்ரே' குருவுக்கென ஒதுங்கியது. இன்று அம்மொழியில் கர்த்தருடைய ஜெபம் 'பாய்' என்றே தொடங்குகிறது.

நமக்கு வந்தது இப்போர்த்துக்கீசியச் சொல்லே. குரு என்னும் பொருளே அதனுடன் கரையேறியது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் ஊழியர் சீகன்பால்க், 1716இல் மணம் புரிந்தவர். அவரையும் தமிழர் பாதிரியார் என்றே வழங்கினர். இந்தியிலும் 'பாத்ரி' என்றால் கிறிஸ்தவ குருவே, தகப்பன் அல்லன்.

சொல்லின் பொருளை அதன் வேரில் அன்று, வழக்கிலேயே தேட வேண்டும். ஜேம்ஸ் பார் என்னும் மறைநூல் அறிஞர் 1961இல் வெளியிட்ட நூலில் இதனை வலியுறுத்தினார். ஒலியொப்புமையை நம்புவோர் திருப்பாதிரிப்புலியூரையும் பாதிரிமாரின் ஊர் எனக் கொள்ளக்கூடும். அவ்வூர்ப் பெயரோ பாதிரி மரத்தால் அமைந்தது. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது.

அவ்வாறாயின் தந்தைமை என்னும் கருத்தையே நாம் கைவிடுவதா? அதுவும் எளிதன்று. போப் ஐயர், கால்டுவெல் ஐயர் என நம் முன்னோர் வழங்கிய 'ஐயர்' என்பதை எண்ணுக. வேலம்பாளையம் போன்ற பின்னலாடைத் தொழிலூர்களின் ஆராதனைக்குத் தென்மாவட்டத்தாரும் வடமாநிலத்தாரும் கொங்கு மக்களும் ஒருங்கே வரக்கூடும். முதலாமவருக்கு 'ஐயர்' என்றால் சபைக்குரு. கொங்கு வழக்கில் 'அய்யன்' என்றால் பெற்ற தகப்பன். பிறருக்கு அது ஒரு சாதிப் பெயர். ஒரே விளி ஒருவருக்கு அன்பாகவும் மற்றொருவருக்கு உயர்வுதாழ்வாகவும் ஒலிக்கிறது. இதனை அறியாத போதகர் தம் மந்தையின் செவியை அறியாதவராவார்.

பூமியிலே எவரையும் பிதா என்று அழையாதிருக்கும்படி ஆண்டவர் கட்டளையிட்டார் (மத்தேயு 23:9). பவுலோ கொரிந்தியருக்குத் தம்மைத் தகப்பன் என்றே காட்டுகிறார் (1 கொரிந்தியர் 4:15). இரண்டும் முரண்போலத் தோன்றும். ஆயினும் பவுலின் சான்று சொல்லின் வேரன்று. அதே அதிகாரத்தில் சற்று முன்னர் (11, 12) அவர் அடுக்குவன பசி, தாகம், ஆடையின்மை, தங்கத் தக்க இடமின்மை, கைவேலையின் பாடு என்பனவே. சுவிசேஷத்தினால் பெற்றெடுத்தவர், பெற்ற பிள்ளைகளுக்காகப் பாடுபட்டவர், ஆதலின் தகப்பன்.

இரவுப் பணி முடித்து, கண் எரிய ஞாயிறு ஆராதனைக்கு வந்து அமரும் தையல் தொழிலாளிக்கு முன், அகராதியைக் காட்டித் தந்தை உரிமை கோருவது பொருந்தாது. அப்பெயரை அவர் தாமாக அளிப்பாராயின் அச்சத்தோடு ஏற்போம்; அளியாராயின், சகோதரர் என்னும் பெயர் நமக்குப் போதும். அதே வேதபகுதியில் ஆண்டவர் நம்மெல்லாருக்கும் இட்ட பெயர் அதுவே.