டெபோரா ப்ரோத்ரோ-ஸ்டித்: பெரிய கேள்வியும் பத்துப் பாடங்களும்

1980-களின் தொடக்கத்தில், 15 முதல் 24 வயது வரையுள்ள கறுப்பின அமெரிக்க ஆண்களின் மரணத்துக்கு முதல் காரணம் கொலை. புள்ளிவிவரம் தெரிந்த எவரும் இதை அறிந்திருந்தார்கள். ஆனால் மருத்துவக் கல்லூரிகளில் அது பாடமாக இல்லை. கொலை என்றால் காவல் நிலையம், நீதிமன்றம், சிறை. மருத்துவரின் வேலை காயத்துக்குத் தையல் போடுவதோடு முடிந்தது. இந்த எல்லைக்கோட்டை அழிக்க முயன்றவர்களில் முக்கியமானவர் டெபோரா ப்ரோத்ரோ-ஸ்டித். நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய அவருடைய உழைப்பைப் பற்றி வெளிவரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை வாழ்த்துரைகளாகவே இருக்கின்றன. அவர் எடுத்துக்கொண்ட வேலை வாழ்த்தோடு நிறுத்திவிட முடியாத அளவுக்கு முக்கியமானது. எது வென்றது, எது தோற்றது என்று கணக்குப் பார்ப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

1978-ல் ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்த ஒன்றை அவர் பலமுறை எழுதியிருக்கிறார். நள்ளிரவு தாண்டிய நேரத்தில், அவசர சிகிச்சைப் பிரிவில், சண்டையில் வெட்டுப்பட்ட ஓர் இளைஞனுக்கு அவர் தையல் போட்டார். கிளம்பும்போது அந்த இளைஞன், தூங்கப் போகவேண்டாம், தன்னை வெட்டியவன் இன்னும் சற்று நேரத்தில் இதே நிலையில் இங்கே வருவான் என்று சொல்லிவிட்டுப் போனான். தற்கொலைக்கு முயன்ற ஒருவர் வந்திருந்தால் மருத்துவமனை அவரை அப்படி வெளியே விட்டிருக்காது. மனநல மருத்துவரை அழைத்திருக்கும், கண்காணித்திருக்கும். பழிவாங்கப் போகிறேன் என்று வாய்விட்டுச் சொல்பவனுக்கு ஏன் அப்படி எதுவும் இல்லை? ப்ரோத்ரோ-ஸ்டித்தின் வாழ்க்கைப் பணி முழுவதும் இந்த ஒப்பீட்டிலிருந்து கிளைத்தது. அந்த ஒப்பீடு இன்றும் பிசகின்றி நிற்கிறது.

ஆனால் இந்தக் கேள்வியை அவரே முதலில் கேட்டார் என்று சொல்வது சரியல்ல. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 1983-லேயே வன்முறையை ஆராயத் தனிப்பிரிவு தொடங்கிவிட்டது. நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியான சர்ஜன் ஜெனரல் சி. எவரெட் கூப் 1985-ல் வர்ஜீனியாவின் லீஸ்பர்க்கில் வன்முறையும் பொதுச் சுகாதாரமும் பற்றி ஒரு தேசியப் பயிலரங்கையே கூட்டினார். அவர்கள் மேலிருந்து பேசினார்கள். ப்ரோத்ரோ-ஸ்டித் ராக்ஸ்பரி, டார்செஸ்டர் போன்ற பாஸ்டன் பகுதிகளின் பள்ளிகளுக்கும் சமூக மையங்களுக்கும் இறங்கிப் போனார். டெக்சஸில் பிறந்து, ஸ்பெல்மன் கல்லூரியில் படித்து வந்த கறுப்பினப் பெண் மருத்துவர் அவர். தன் சமூகத்துப் பையன்களைப் பற்றிப் பேசும்போது அவர்களைக் குற்றவாளிகளாகவும் பார்க்கவில்லை, பரிதாபத்துக்குரியவர்களாகவும் பார்க்கவில்லை. நோயாளிக்குரிய உரிமை அவர்களுக்கு உண்டு என்று பார்த்தார். 1987-ல், 33 வயதில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பொதுச் சுகாதார ஆணையரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். மாநிலச் சுகாதாரத் துறைக்குள் வன்முறைத் தடுப்புக்கென ஓர் அலுவலகத்தைத் திறந்தார். வன்முறை சுகாதாரத் துறையின் கோப்பாக மாறியது. என் கணிப்பில், அவர் கட்டியவற்றில் மிக உறுதியானது இதுதான்.

இனி அவர் கொடுத்த மருந்துக்கு வருவோம். 1987-ல் வெளியான அவருடைய பாடத்திட்டம் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கானது. மொத்தம் பத்துப் பாடங்கள். கொலை பெரும்பாலும் முகம் தெரியாத கொள்ளையனால் நடப்பதல்ல, அறிமுகமானவர்களுக்கு இடையே வாக்குவாதத்தில் தொடங்குவது என்று ஆசிரியர் விளக்குவார். கோபம் இயல்பானது, அதை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி என்பார். சண்டையால் வரும் நன்மைகளையும் தீமைகளையும் மாணவர்களே பட்டியலிடுவார்கள், தீமைப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பிறகு மோதல் காட்சிகளை நடித்துப் பார்ப்பார்கள். புத்திசாலித்தனமான பாடம்தான். பிள்ளைகளை மதிக்கும் பாடமும்கூட. நாடு முழுவதும் பள்ளிகள் அதை எடுத்துக்கொண்டன.

அது கொலைகளைக் குறைத்ததா? குறைத்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஆய்வாளர் டேனியல் வெப்ஸ்டர் 1993-ல் ஹெல்த் அஃபேர்ஸ் இதழில் இத்தகைய பள்ளித் திட்டங்களை அலசி, அவை வன்முறை நடத்தையை நிலையாக மாற்றியதாகக் காட்டும் ஆதாரம் கிடையாது என்று எழுதினார். கிடைத்த முன்னேற்றமெல்லாம் குறுகிய காலத்தது, மாணவர்களே வினாத்தாளில் எழுதித் தந்தது. முப்பது ஆண்டுகள் கழித்துப் படித்தாலும் வெப்ஸ்டரின் வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. பத்து வகுப்புகள் ஒரு பையனின் மனதைத் தொடலாம். அவன் வீட்டுக்குப் போகும் தெருவையும் அங்கே விற்கும் துப்பாக்கியையும் அவை தொடுவதில்லை.

1991-ல் மிக்கேல் வைஸ்மனுடன் சேர்ந்து ப்ரோத்ரோ-ஸ்டித் எழுதிய 'டெட்லி கான்சிக்வென்சஸ்' நூலை வாசிக்கும்போது இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஏனென்றால் நோயறிதலில் அவர் குறை வைக்கவில்லை. வறுமை, நெருக்கடியான குடியிருப்பு, எளிதில் கிடைக்கும் துப்பாக்கி, போதைப்பொருள் வணிகம், தந்தையற்ற வீடுகள், வன்முறையைக் கொண்டாடும் திரைப்படங்கள் என்று அத்தனையையும் அடுக்குகிறார். கொலை விகிதத்தில் தெரியும் இன வேறுபாட்டுக்குப் பின்னால் ஏழ்மை இருக்கிறது என்பதையும் வாதிடுகிறார். இவ்வளவு அகலமாக நோயைக் கண்டவர், மருந்து என்று வரும்போது ஏன் வகுப்பறைக்குள் சுருங்கினார்? சுகாதாரத் துறைக்குப் பள்ளிக்குள் நுழைய வழி இருந்தது. வீட்டுவசதிக் கொள்கையையும் கூலியையும் துப்பாக்கிச் சந்தையையும் தொடும் அதிகாரம் இல்லை. கைக்கு எட்டியதைச் செய்தார். அதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டியதையே போதுமானது போலப் பரப்பியதில் ஒரு விலை இருந்தது. சண்டையைத் தவிர்க்கும் பொறுப்பு, அந்தச் சூழலை உருவாக்கியவர்களிடமிருந்து, அதில் பிறந்த பதினைந்து வயதுப் பையனின் தலைக்கு மாறியது.

தன் வழிமுறைக்கு முன்மாதிரியாக அவர் அடிக்கடி காட்டுவது புகைபிடித்தலுக்கு எதிரான இயக்கத்தை. மனப்பான்மையை மாற்ற முடியும் என்பதற்கு அது சாட்சி என்பார். அந்த வரலாற்றை முழுதாகப் பார்த்தால் அது வேறொன்றுக்கும் சாட்சி சொல்கிறது. 1964-ல் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை வந்தது. அறிவுரை மட்டும் வேலையை முடிக்கவில்லை. 1971-ல் தொலைக்காட்சி, வானொலி விளம்பரங்களுக்குத் தடை வந்தது, பிறகு வரி ஏறியது, அலுவலகங்களிலும் விமானங்களிலும் புகைக்கத் தடை வந்தது, நிறுவனங்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டன. புகைப்பவரோடு மட்டுமல்லாமல் சிகரெட் விற்பவரோடும் மோதிய இயக்கம் அது. அந்த உதாரணத்தை நேர்மையாகப் பின்பற்றினால் துப்பாக்கி உற்பத்தியாளரின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். ப்ரோத்ரோ-ஸ்டித் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்தார், எழுதினார், பேசினார். ஆனால் அவருடைய திட்டங்களின் மையம் அதுவாக இருக்கவில்லை.

அந்த வாசலில் போய் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டில் துப்பாக்கி இருப்பது அங்கே கொலை நடக்கும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று ஆர்தர் கெல்லர்மன் குழு 1993-ல் ஆய்வு வெளியிட்டது. 1996-ல் நாடாளுமன்றம், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வலியுறுத்த சி.டி.சி. நிதியைச் செலவிடக் கூடாது என்ற டிக்கி திருத்தத்தைக் கொண்டுவந்து, சி.டி.சி. அதுவரை துப்பாக்கி ஆய்வுக்குச் செலவிட்ட 26 லட்சம் டாலரை வேறு பணிக்குத் திருப்பியது. அந்த ஆய்வுக்கென்று மீண்டும் நிதி ஒதுக்க 2019 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வகுப்பறையை அவர் தேர்ந்தெடுத்ததில் கோழைத்தனம் இல்லை, மற்ற கதவுகள் அடைக்கப்பட்டன என்று அவர் சார்பில் வாதாடலாம். அந்த வாதத்தைப் பாதி ஏற்கிறேன். பாடத்திட்டம் கதவடைப்புக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிட்டது.

அடுத்தது பாஸ்டன் நகரத்தின் கதை. அங்கே 1990-ல் 152 கொலைகள், 1999-ல் 31. இந்த வீழ்ச்சிக்கு 'பாஸ்டன் அதிசயம்' என்று பெயர் வைத்தார்கள். உரிமை கோரப் பலர் வந்தார்கள். காவல்துறையும் ஹார்வர்டின் டேவிட் கென்னடி, ஆன்டனி பிராகா ஆகியோரும் 1996-ல் தொடங்கிய 'ஆபரேஷன் சீஸ்ஃபயர்' ஒரு பக்கம், டென் பாயின்ட் கூட்டணியின் கறுப்பினப் போதகர்கள் இன்னொரு பக்கம். 2004-ல் ஹோவர்ட் ஸ்பிவாக்குடன் எழுதிய 'மர்டர் இஸ் நோ ஆக்சிடன்ட்' நூலில் ப்ரோத்ரோ-ஸ்டித் மூன்றாவது உரிமையை முன்வைத்தார். 1980-களிலேயே தொடங்கிய சமூகச் சுகாதார இயக்கம், பெற்றோர், ஆசிரியர், மருத்துவர், உயிர் பிழைத்தவர் அனைவரும் சேர்ந்து நகரத்தை மாற்றினார்கள், காவல்துறை கடைசியில் வந்து சேர்ந்தது என்பது நூலின் வாதம்.

இந்த வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. 1996-க்கு முன்பே நகரத்தின் மொத்தக் கொலைகள் நூற்றுக்குக் கீழே இறங்கிவிட்டன. ஆனால் இளைஞர்களை மட்டும் தனியே எண்ணினால் படம் மாறுகிறது. 1991 முதல் 1995 வரை, பாடத்திட்டமும் சமூகத் திட்டங்களும் முழு வீச்சில் நடந்த ஆண்டுகளில், 24 வயதுக்குட்பட்டோர் ஆண்டுக்குச் சராசரியாக 44 பேர் கொல்லப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். செங்குத்தான சரிவு சீஸ்ஃபயருக்குப் பிறகே வந்தது. அந்தத் திட்டம் நகரத்து இளைஞர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான, ஏறக்குறைய 1,300 கும்பல் உறுப்பினர்கள்மீது கவனத்தைக் குவித்தது. இளைஞர் கொலைகளில் குறைந்தது அறுபது சதவீதம் அவர்களைச் சுற்றியே நடந்தது. எல்லாப் பத்தாம் வகுப்புக்கும் பாடம் எடுப்பது ஏன் எண்ணிக்கையை அசைக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. ஆபத்தில் இருந்தவர்களில் பலர் வகுப்பறையிலேயே இல்லை.

சீஸ்ஃபயருக்கும் முழு மகுடம் சூட்ட முடியாது. நியூயார்க்கில் 1990-ல் 2,245 ஆக இருந்த கொலைகள் 1998-ல் 633 ஆகக் குறைந்தன. அங்கே சீஸ்ஃபயரும் இல்லை, பாஸ்டனின் சமூகச் சுகாதார இயக்கமும் இல்லை. கிராக் கொக்கைன் சந்தை தேய்ந்தது எல்லா நகரங்களுக்கும் பொது. பாஸ்டனிலும் 2000-க்குப் பிறகு எண்ணிக்கை மீண்டும் ஏறி, 2005-ல் எழுபதைத் தாண்டியது. ஒரு நகரம், ஒப்பிட மறு நகரம் இல்லாத வரலாறு, ஒரே சமயத்தில் நடந்த பத்துத் திட்டங்கள். இதிலிருந்து ஓர் இயக்கம் தன் வெற்றியைப் பிரித்தெடுத்துக் காட்ட முடியாது. நூலின் கோரிக்கையை அதன் சான்று தாங்கவில்லை என்பதே என் முடிவு. அளந்து பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று போராடிய துறையிலிருந்து வந்தவரிடம் இதைக் கண்டிப்பாகவே கேட்க வேண்டும்.

2005-ல் பெண் பிள்ளைகளின் வன்முறை பெருகுகிறது என்று எச்சரித்து வந்த நூல் அவருடைய எழுத்துகளில் பலவீனமானது. கைது எண்ணிக்கை ஏறியது மெய். ஆனால் பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்புகளிலும் பிள்ளைகளே சொன்ன விவரங்களிலும் அத்தகைய ஏற்றம் இல்லை. அமெரிக்க நீதித் துறை அமைத்த ஆய்வுக் குழு 2008-ல் இதைப் பார்த்து, மாறியது பெரும்பாலும் கைது செய்யும் நடைமுறைதான் என்றது. முன்பு வீட்டுச் சண்டையாக விடப்பட்டது இப்போது வழக்காகிறது. சமூகத்தின் பயத்தை நோயின் பரவலாக எடுத்துக்கொண்ட தவறு இது. ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு அது நன்மை செய்திருக்காது.

ஆனால் அவருடைய மொழி என்ன செய்தது என்பதை அந்தக் காலத்துப் பின்னணியில் பார்க்காமல் எடைபோட முடியாது. 1995-ல் அரசியல் அறிவியலாளர் ஜான் டியூலியோ, மனச்சாட்சியே இல்லாத 'சூப்பர்பிரிடேட்டர்' தலைமுறை வரப்போகிறது என்று எழுதினார். நாளிதழ்கள் அதைப் பற்றிக்கொண்டன. பெரும்பாலான மாநிலங்கள் அந்தப் பத்தாண்டில் சிறுவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்கச் சட்டத்தைத் திருத்தின. அந்த வெறியின் நடுவே, இவர்கள் மிருகங்கள் அல்ல, காயம்பட்ட பிள்ளைகள், இவர்களுக்கு நடப்பது தடுக்கக்கூடியது என்று ப்ரோத்ரோ-ஸ்டித் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டங்களை அவரால் நிறுத்த முடியவில்லை. 2001-ல் தலைமை மருத்துவ அதிகாரி டேவிட் சாட்சர் இளைஞர் வன்முறை பற்றி வெளியிட்ட அறிக்கை சூப்பர்பிரிடேட்டர் கதையைக் கட்டுக்கதை என்று ஒதுக்கியபோது, அப்படிச் சொல்வதற்கான மொழி ஏற்கெனவே தயாராக இருந்தது. அதைத் தயார் செய்தவர்களில் அவர் முன்வரிசையில் இருக்கிறார்.

அவர் கேட்ட கேள்விக்கு நல்ல விடைகளை மற்றவர்கள் கண்டுபிடித்தார்கள். ஓக்லண்டில் 'யூத் அலைவ்' அமைப்பினர் 1994-ல், சுடப்பட்டு மருத்துவமனையில் கிடக்கும் இளைஞனின் படுக்கைக்கே போனார்கள். அதே தெருவில் வளர்ந்து, அதே காயத்தோடு மீண்டவர்கள்தான் பேசினார்கள். பழிவாங்கல் நடக்குமுன் தடுத்தார்கள், பிறகு வேலைக்கும் வீட்டுக்கும் வழி பார்த்தார்கள். காசநோயும் எய்ட்ஸும் பார்த்துவிட்டு வந்த மருத்துவர் கேரி ஸ்லட்கின் 2000-ல் சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்கில் தெருவிலேயே சமரசக்காரர்களை நிறுத்தினார். இந்தத் திட்டங்களின் முடிவுகளும் இடத்துக்கு இடம் மாறுகின்றன, எல்லாம் வெற்றி அல்ல. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் தையலுக்குப் பின் என்ன என்ற அந்தப் பழைய கேள்விக்கு நேராக நிற்கும் விடைகள் இவைதான், வகுப்பறைப் பாடம் அல்ல. மருத்துவரான அவர் தன் கேள்வி பிறந்த இடத்தைவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டார் என்பதே இந்தப் பணி வாழ்வின் ஆழமான முரண் என்று எனக்குத் தோன்றுகிறது.

2020-ல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி ஆனது. கறுப்பினப் பிள்ளைகள் அதில் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிடப் பன்மடங்கு அதிகம் இறக்கிறார்கள். இந்த எண்ணை வைத்து அவர் தோற்றார் என்று சொல்வது அநியாயம். ஒரு மருத்துவரின் வாழ்நாள் ஒரு நாட்டின் துப்பாக்கிச் சந்தைக்கு ஈடாகாது. ஆனால் மனப்பான்மையை மாற்றினால் போதும் என்ற நம்பிக்கையை இந்த எண் முறித்துவிட்டது.

2016-ல் அவர் தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள சார்ல்ஸ் ஆர். ட்ரூ பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரித் தலைவரானார். 1965-ல் அந்தப் பகுதியில் வெடித்த வாட்ஸ் கிளர்ச்சிக்கு மறுவருடம், மருத்துவமே எட்டாத பகுதிக்கென்று உருவான நிறுவனம் அது. அதன் சொந்த மருத்துவப் பட்டப்படிப்பு 2023-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அவருடைய முந்தைய பணிகளைவிட இது எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. இங்கே மாற வேண்டியவர் தெருவில் நிற்கும் பையன் என்று சொல்லப்படவில்லை. அவனுக்கு எதிரே நிற்கும் மருத்துவர் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பதை மாற்றப் பார்க்கிறார்கள். இதையும் நம்பிக்கையின் பேரில் மட்டும் ஏற்கக் கூடாது. அந்த முதல் அணியினர் படிப்பும் பயிற்சியும் முடித்தபின் எத்தனை பேர் சுற்றியுள்ள காம்ப்டனிலும் வாட்ஸிலும் வேலை பார்க்கிறார்கள், அங்கே சுடப்பட்டு வரும் இளைஞர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை அதே காயத்தோடு வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.