குருவில்லாக் கை, குருவில்லாக் காது

எலிசபெத் காட்டன் இடது கைக்காரர். அமெரிக்காவின் வட கரோலினாவில் சிறுமியாக இருந்தபோது, வலது கைக்காரருக்காகக் கம்பி கட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து வாசிக்கப் பழகிவிட்டார். கம்பிகள் மேல்கீழாக மாறியதால், மற்றவர்கள் கட்டைவிரலால் மீட்டும் தடித்த கம்பிகள் அவருடைய விரல்களுக்கு வந்தன; மெட்டு கட்டைவிரலுக்குப் போனது. எந்த ஆசிரியரும் முதல் வகுப்பிலேயே திருத்தியிருக்கக்கூடிய பிடி அது. பல காலம் கழித்து, நாட்டுப்புற இசைக்கலைஞர்களான சீகர் குடும்பத்தில் அவர் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தபோதுதான் அந்த வாசிப்பு வெளியே தெரிந்தது. 1958-இல் இசைத்தட்டாகவும் வந்தது. பின்னாளில் கனடாவின் பாடகி ஜோனி மிட்செல், அதே குடும்பத்துப் பீட் சீகரின் பயிற்சித் தட்டை வைத்துக்கொண்டு இதே பாணியைப் பழகப் பார்த்தார். கட்டைவிரல் ஒத்துவரவில்லை. ஒன்பது வயதில் தாக்கிய போலியோவால் அவருடைய இடது கை ஏற்கெனவே வலுவிழந்திருந்தது. கடினமான கார்டுகளை, அதாவது பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் பிடிகளை, பிடிக்கப் போராடாமல், கம்பிகளின் சுருதியையே வேறு வேறு விதமாக மாற்றி வைத்துக்கொண்டார். அவர் பாடல்களில் கேட்கும் அந்தத் தனி நாதத்தில் பாதி, முடியாத விரல்கள் தந்தது.

ஆசிரியரின்றி இசை கற்பதைக் கொண்டாடுபவர்கள் இத்தகைய கதைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கதைகள் உண்மைதான். ஆனால் பாட்டு எழுதுவதும் வாசிப்பதும் பதிவு செய்வதும் ஒரே வேலை அல்ல. தானே கற்பது மூன்றிலும் ஒரே மாதிரி பலிப்பதில்லை.

வாசிப்பில்தான் நட்டம் அதிகம். காட்டனின் பிடி, கிடைத்த கருவிக்கு அவர் கண்ட விடை. நம்மில் பெரும்பாலோரின் தவறான பிடிக்கு அப்படி ஒரு காரணமும் கிடையாது. கவனிக்க ஆளில்லை, அவ்வளவே. மணிக்கட்டு மடங்கியிருக்கும். தோள் தூக்கியிருக்கும். எஃப் கார்டு ஒலிக்கவில்லை என்று விரலை இன்னும் அழுத்துவோம். பாட்டை எப்போதும் முதலிலிருந்தே தொடங்கி, எப்போதும் அதே இடத்தில் தடுக்கி, கொஞ்சம் பின்னால் போய் மறுபடி ஓட்டுவோம். கடைசியில் அந்தத் தடுக்கலும் நன்றாக மனப்பாடமாகிவிடும். ‘மற்றதை விடு, அந்த இரண்டு தாளவட்டத்தை மட்டும் பாதி வேகத்தில் வாசி’ என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லியிருந்தால் ஒரு மாலையில் தீர்ந்திருக்கும். யூடியூப் பாடங்கள் அருமையாகக் காட்டித் தருகின்றன. நம் மணிக்கட்டு அவற்றுக்குத் தெரியாது.

பாட்டு எழுதுவதில் நிலைமை வேறு. முறையாகப் படித்தவரும் படிக்காதவரும் இங்கே ஏறக்குறைய சமம். இருவரும் பிறர் பாட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் கற்கிறார்கள். பீட்டில்ஸ் நால்வரில் ஒருவருக்கும் இசைக்குறிப்பை முறையாகப் படிக்கத் தெரியாது. ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது: கைக்குத் தெரிந்த நான்கு கார்டுகள் போகும் வழியிலேயே மெட்டும் போகும். தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு பொறியும் உண்டு. திரையிசையில் இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைப் பாடிக்காட்டுவார். பாடலாசிரியர் குறில் நெடில் பார்த்துச் சொல் வைப்பார். ஒருவர் சறுக்கினால் மற்றவர் பிடித்துக்கொள்வார். தனியாக எழுதுபவர் இரண்டு பேரும் தானே. நீண்ட ஸ்வரம் குறிலின் மேல் விழுந்து ‘விடு’ என்பது ‘வீடு’ என்று ஒலிக்கும். அவர் காதுக்கு மட்டும் அது ‘விடு’வாகவே கேட்கும், எழுதியவர் அல்லவா.

பதிவுதான் மூன்றிலும் விசித்திரமானது. 1979-இல் டாஸ்காம் நிறுவனம் சாதாரண கேசட்டில் நான்கு டிராக் (தனித்தனி ஒலித்தடங்கள்) பதிவு செய்யும் போர்ட்டாஸ்டுடியோவைக் கொண்டுவந்தது. 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சி வீட்டில் அந்தக் கருவியில், இரண்டு மைக்குகளை வைத்துப் புதுப் பாடல்களை மாதிரிக்காகப் பதிவு செய்தார். பிறகு ஸ்டுடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தபோது பாடல்களின் உயிர் போய்விட்டது. கேசட்டில் இருந்ததே ‘நெப்ராஸ்கா’ ஆல்பமாக வெளிவந்தது. மலிவான கருவி போதும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டாத ஆளில்லை. அதற்கு முன்பே அவர் ஐந்து ஆல்பங்கள் வெளியிட்டிருந்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது நான்கு டிராக் என்ற எல்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று பாடும்போதே முடிவு செய்தாக வேண்டும். இன்றைய மென்பொருளில் அந்த நெருக்கடி இல்லை. நம் குரலைப் பதிவில் கேட்பது போன்ற கறாரான பாடம் வேறில்லை என்பது மெய். பல்லவிக்கு முன்னால் வேகம் ஓடுகிறது, மேல் ஸ்தாயியில் சுருதி இறங்குகிறது, எல்லாம் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். ஆனால் அதே மென்பொருள் தாளத்தைக் கட்டத்துக்குள் இழுத்து வைக்கிறது, ஆட்டோடியூன் சுருதியை ஏற்றிவிடுகிறது. பிழை தெரிந்த அடுத்த நிமிடமே பிழை மறைந்துவிட்டால், மறுபடி பாடிப் பார்க்கத் தேவை எங்கே வரும்? பாடல் ஒழுங்காகிவிடும், பாடகர் அப்படியே இருப்பார். இரவெல்லாம் எதிரொலியின் அளவைத் திருகிக்கொண்டிருப்பவர்களிடம் இரண்டாம் சரணம் ஏன் தொய்கிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

பீட்டில்ஸ் ஹாம்பர்க் கிளப்புகளில் இரவிரவாக வாசித்துத் தேறியவர்கள். கைக்கு அதைவிடப் பயிற்சி வேண்டாம். இருந்தும் 1962-இல் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யை மெதுவான பாடலாகத்தான் கொண்டுவந்தார்கள். வேகத்தைக் கூட்டச் சொன்னவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். இசைப்பள்ளியில் படித்தவர்தான், ஆனால் அந்த யோசனைக்குப் படிப்பு கூடத் தேவையில்லை, அந்தப் பாட்டை எழுதாதவராக இருந்தாலே போதும். வீட்டு அறையில் தனியாகப் பதிவு செய்பவருக்குக் குறைவது இப்படி ஒரு ஆள். தம்பியோ தோழியோ யாராக இருந்தாலும் சரி, ‘நல்லா இருக்கு’ என்பதோடு நிறுத்தாமல் எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று சொல்ல வேண்டும். கைக்கோ, சில மாதங்கள் ஓர் ஆசிரியரிடம் போய்வந்தாலே பாதி தீரும். புது மைக்குக்கு எடுத்துவைத்த பணத்தில் அதைச் செய்யலாம் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலோர் மைக்கைத்தான் வாங்குவார்கள்.