எல்லாம் அடக்கம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தில் ஆரம்பித்து மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம் வரைக்கும் இருக்கிற ரிசார்ட்டுகளின் 'ஃபேமிலி பேக்கேஜ்' விளம்பரங்களை ஓர் இலக்கிய வகையாக வைத்துப் படித்துப் பார்க்கலாம். கேலிக்குச் சொல்லவில்லை. வந்து இறங்கியதும் இளநீர் பெறுவீர்கள். மதியம் பஃபே. நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியும். ராத்திரி நீச்சல் குளத்தின் ஓரத்தில் பார்பிக்யூ, குழந்தைகளுக்கு மேஜிக் ஷோ. மறுநாள் கிளம்புவதற்கு முன் இன்னொரு பஃபே. எல்லா வாக்கியமும் முன்னிலையில், எதிர்காலத்தில் இருக்கும். வினைச்சொல் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பெறுவீர்கள்.

தமிழில் இது புது வடிவம் இல்லை. பரிசு பெற்று வருகிறவன் பெறாதவனை வழியில் பார்த்து, 'இப்படிப் போ, இன்ன இடத்தில் இன்னது கிடைக்கும்' என்று சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. அதிலும் சிறுபாணாற்றுப்படை இந்தக் கரையின் பாட்டு. 269 அடியில் அதைப் பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். புதுப்பட்டினத்திலிருந்து தெற்கே பாலாற்றைத் தாண்டிப் போனால் இன்றைக்கும் இடைக்கழிநாடு என்ற பெயரிலேயே ஒரு பேரூராட்சி இருக்கிறது. பாணன் முதலில் போய்ச் சேரும் எயிற்பட்டினத்தை, அதற்கும் தெற்கே உள்ள மரக்காணம் என்று பலரும் அடையாளம் சொல்கிறார்கள். ஆக ஈசிஆரின் முதல் பேக்கேஜ் விவரணை நம்மிடம் எப்போதோ இருந்திருக்கிறது.

அதில் எனக்கு முக்கியமாகப் படுவது சாப்பாட்டுப் பட்டியல் அல்ல, யார் சமைத்தார்கள் என்பதைச் சொல்லாமல் எந்தச் சாப்பாடும் வருவதில்லை என்பதுதான். எயிற்பட்டினத்தில் அலை ஒதுக்கிய மணமுள்ள மரம், தூங்கும் ஒட்டகம் மாதிரிக் கரையில் கிடக்கிறது. அதை விறகாக்கித் தீ மூட்டி நுளையர் பெண் கள்ளை வடிகட்டுகிறாள். சுட்ட குழல் மீனோடு அது பாணனுக்குக் கிடைக்கிறது. உள்ளே போனால் வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவனின் தங்கை வழிமறித்து, குத்தித் தீட்டிய அரிசிச் சோற்றை நண்டோடு போடுகிறாள். விறகு எங்கிருந்து வந்தது என்பது வரைக்கும் பாட்டுக்குத் தெரியும்.

பஃபே மேஜையில் பெயர்ப்பலகை உணவுக்கு மட்டும்தான். கடல் கூப்பிடு தூரத்தில் இரைந்துகொண்டிருக்க, பல ரிசார்ட்டுகளில் 'ஃபிஷ் இன் லெமன் பட்டர் சாஸ்' என்று தட்டில் விழுவது பாசா, அதாவது குளத்தில் வளர்த்த கெளுத்தி வகை. முள் கிடையாது, வாசனை கிடையாது. குப்பத்துக் கரையில் அன்று காலை இறங்கிய காரப்பொடியும் கவலையும் அந்த மேஜைக்கு வராது. முள்ளோடு வருகிற மீனைப் பஃபே தாங்காது.

இதை வைத்து ரிசார்ட்டைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நம் ஆட்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆற்றுப்படையும் ஒன்றும் கள்ளம் கபடமில்லாத எழுத்து இல்லை. நல்லியக்கோடனின் நாட்டில் எல்லா நிலத்து மக்களும் முகம் மலர்ந்து சோறு போடுகிறார்கள் என்பது அவனுக்கான விளம்பரம்தான். கடைசியில் அரசன் பொற்கலத்தில் தானே நின்று ஊட்டுகிறான், அதுவும் வீமன் எழுதிய சமையல் நூல் வழுவாமல் ஆக்கிய உணவை. இதைவிடப் பெரிய 'செஃப்ஸ் ஸ்பெஷல்' கிடையாது.

இவ்வளவு சோறு எதற்கு என்பதையும் பாட்டு முன்பே சொல்லிவிடுகிறது. பாணன் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. கண் திறக்காத குட்டிகள் வற்றிய முலையைப் பற்ற, தாய் நாய் வலி பொறுக்காமல் குரைக்கிறது. அவன் மனைவி குப்பைக் கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு தின்கிறாள். அந்தச் சாத்திய கதவைத் தெரிந்துகொள்ளாமல் எயிற்பட்டினத்து மீனின் ருசி தெரியாது.

ரிசார்ட்டுக்கு வரும் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்தப் பசி இல்லை. வேறொன்று இருக்கிறது. மெனு கார்டின் வலது பக்கத்தை முதலில் படிக்கும் அப்பாக்களை நமக்குத் தெரியும். தண்ணி பாட்டில் எவ்வளவு, இன்னொரு ஐஸ்கிரீம் சொன்னால் பில் எங்கே போகும் என்று ஓடிக்கொண்டே இருக்கும் கணக்கு. பேக்கேஜ் அதை ரெண்டு நாள் நிறுத்தி வைக்கிறது. 1950இல் மயோர்க்கா தீவின் அல்கூடியாவில், பழைய ராணுவக் கூடாரங்களில் ஜெரார்ட் ப்ளிட்ஸ் தொடங்கிய கிளப் மெடிட்டரேனியன் இந்த வியாபாரத்துக்கு முன்னோடி. பிற்பாடு அங்கே மதுக்கூடத்தில் காசுக்குப் பதில் பாசிமணி புழங்கியது. காசைக் கண்ணில் காட்டாமல் இருப்பதுதான் சூட்சுமம். இன்று நம் மணிக்கட்டில் கட்டிவிடும் காகிதப் பட்டை அந்தப் பாசிமணியின் பேத்தி.

அம்மா விஷயம் அதைவிடப் பெரியது. 'ரெண்டு நாள் அடுப்படிப் பக்கமே போகல' என்று ஊருக்குத் திரும்பிய பின் அவர்கள் சொல்வதில் கடல் ஒரு ஓரத்தில்கூட இருக்காது. 'எல்லாம் அடக்கம்' என்பதில் உண்மையிலேயே அடங்குவது அதுதான் என்று தோன்றுகிறது. கூடவே இதையும் சொல்ல வேண்டும். அந்த ரெண்டு நாள் அவர்களுக்காகப் பாத்திரம் கழுவி, படுக்கை விரித்து, ஈரத் துண்டு பொறுக்குகிறவர்களில் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களும் உண்டு. எயிற்றிக்கும் நுளைமகளுக்கும் இருந்த இடம் இவர்களுக்கு விளம்பரத்தில் இல்லை.

அடங்காதவற்றின் பட்டியல் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். வெளி உணவுக்கு அனுமதி இல்லை. பாட்டி கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதம் வாசலிலேயே நின்றுவிடும். குளத்தில் இறங்க நைலான் உடுப்பு கட்டாயம். அதனால் சுடிதாரோடு இறங்க நினைத்த அத்தைகள் எல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையைப் பார்த்துக்கொள்வார்கள். 'சீ வியூ' அறைக்குத் தனிக் கட்டணம். அதாவது எல்லாம் அடக்கத்தில் கடல் அடக்கம் இல்லை! இந்தக் கரையின் கடல் குளிக்கத் தோதானதும் இல்லை. அலை அடிக்கும், உள்ளே இழுக்கும். குளிப்பதற்குக் குளம், பார்ப்பதற்குக் கடல் என்று ஏற்பாடு. பார்ப்பதற்கு மட்டும் என்று ஆகிவிட்ட கடலுக்கு ஞாபகமும் கிடையாது. 2004 டிசம்பர் 26 காலையில் இதே கல்பாக்கம் கரையில் அது என்ன செய்தது என்பதற்கு விளம்பரத்தில் எங்கே இடம்?

விளம்பரத்தின் 'பிரைவேட் பீச்' என்ற சொல் என்னை எப்போதும் உறுத்தும். 1991இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு வைத்தது. 2011இலும் 2019இலும் அதை மாற்றி எழுதினார்கள்; தளர்வுகள் வந்தன. எந்த வடிவத்திலும் அலை நனைக்கும் மணல் தனியாருக்குச் சொந்தம் என்று இல்லை. மீனவருக்கு அந்த மணல் காட்சி அல்ல, தொழிற்கூடம். படகு ஏற்ற, வலை பிரிக்க, கருவாடு காயவைக்க அதுதான் இடம். கரைவலையை ரெண்டு அணியாக ரெண்டு முனையில் நின்று இழுப்பார்கள். நீளமான வெறும் மணல் இல்லாமல் அது நடக்காது. சாய்வு நாற்காலியும் வலையும் ஒரே மணலைக் கேட்கின்றன. நாற்காலிக்கு விளம்பரம் இருக்கிறது, வலைக்கு இல்லை.

இதே முன்னிலையை எடுத்துச் சுற்றுலாப் பயணிமீதே திருப்பியவர் ஜமைக்கா கின்கெய்ட். ஆன்டிகுவா தீவைப் பற்றிய 'எ ஸ்மால் பிளேஸ்' (1988) முழுக்க 'நீ, நீ' என்று பேசுகிறது. நீ இறங்குகிறாய், நீ கடலைப் பார்த்து உருகுகிறாய், உன் கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று நீ யோசிப்பதில்லை. கூர்மையான புத்தகம். ஆனால் அதை அப்படியே இங்கே இறக்க முடியாது. அவருடைய 'நீ' வெளிநாட்டு வெள்ளைக்காரர். நம்முடைய 'நீ' தாம்பரத்திலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வருகிறார், பத்து மாசத் தவணையில் கார் மாற்றியவர், ஒரு தலைமுறைக்கு முன் அவர் வீட்டிலேயே கதவு சாத்தித் தின்றிருக்கலாம். இந்த 'நீ'யை வெறுப்பால் மட்டும் எழுத முடியாது.

தமிழ்ப் புனைவு கடலை நன்றாகவே எழுதியிருக்கிறது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' ரெண்டிலும் கடல் உழைப்பு, உறவு, சாவு. கடலுக்கு விடுமுறையில் வருகிறவரை அந்த அளவு கவனத்தோடு எழுதிய நாவல் என் வாசிப்பில் அகப்படவில்லை. சினிமாவிலோ ஈசிஆர் ரிசார்ட் என்றாலே ஒன்று கொலை, இல்லாவிட்டால் கள்ள உறவு. குடும்பம் அங்கே பஜ்ஜி சாப்பிடுவதே இல்லை.

அந்த நாவலுக்குச் சொல்லி நடத்த ஆள் வேண்டுமென்றால் வாடகைக் கார் டிரைவரைப் பார்க்கலாம். பொடி எழுத்தில் கடைசி வரி அவருக்குத்தான்: 'டிரைவர் தங்குமிடம், உணவு தனி.' பாணன் போன இடமெல்லாம் சுற்றத்தோடு சாப்பிட்டான். இவர் குடும்பத்தை வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை நிழல் பார்த்து நிறுத்திவிட்டு வெளியே வருகிறார். ராத்திரி புதுப்பட்டினம் கடைத்தெருவில், முதல் தடவையாக இந்தப் பக்கம் வந்த இன்னொரு டிரைவரிடம் சொல்கிறார்: "அந்த ரிசார்ட்டாண்ணே? அங்க டிரைவருக்கு ரூம் கெடையாது, கொசு பிச்சிரும். அடுத்ததுல கட்டில் குடுப்பாங்க, பாத்ரூம் சுத்தமா இருக்கும். சாப்பாட்டுக்கு உள்ள கேக்காதீங்க. நேரா இங்க வந்துருங்க, லேட்டானாலும் அந்தக்கா தோசை ஊத்திக் குடுக்கும், மீன் கொழம்பு கேட்டாத்தான் எடுத்து வைக்கும், கேளுங்க."