எண் இல்லாத முதுகுகள்

பல பழைய பேஸ்பால் படங்களில் முகம் இருக்கும், பெயர் இருக்காது. நியூயார்க் யாங்கீஸ் அணி முதுகில் நிரந்தரமாக எண் தைத்துக்கொண்டதே 1929இல்தான். அதற்கு முந்தைய ஆட்டக்காரர் யாரென்று அறிய, முதலில் துணியைத்தான் விசாரிக்க வேண்டும்.

காலர், பொத்தான் வரிசை, காலுறைப் பட்டை, தொப்பி எழுத்து எல்லாமே சாட்சி சொல்லும். மார்க் ஒக்கோனன் 20ஆம் நூற்றாண்டுச் சீருடைகளை ஆண்டுவாரியாக வரைந்து 1991இல் நூலாக்கினார். துப்பறிவோருக்கு அதுதான் பஞ்சாங்கம். சில சட்டைகளுக்கு அதுகூட வேண்டாம். 1905இல் உலகத் தொடரை வென்ற நியூயார்க் ஜயன்ட்ஸ், மறு ஆண்டு மார்பில் ‘உலகச் சாம்பியன்கள்’ என்றே பொறித்துக்கொண்டு களமிறங்கியது. தற்பெருமைதான்; ஆனால் ஆண்டு உடனே கிடைத்துவிடுகிறது!

அணியும் ஆண்டும் தெரிந்தால் சந்தேகம் சில டஜன் பேருக்குள் சுருங்கும். இனி முகம். மீசை மழிக்கப்படும், கன்னம் பருக்கும், மூக்கு பந்து பட்டு உடையும். காதின் மடிப்புகள் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் தேர்ந்த கண் நேரே காதுமடலுக்குத்தான் போகும்.

நெகட்டிவைத் திருப்பி அச்சிட்டிருந்தால் வலக்கையர் இடக்கையராகிவிடுவார். சட்டை எழுத்து குட்டை உடைத்துவிடும்.

எழுதிவைத்த பெயரையும் அப்படியே நம்புவதற்கில்லை. அக்காலப் படங்களை எடுத்த பெயின் செய்தி நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ் தகடுகளில் பிழையான பெயர்கள் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008இல் அப்படங்களை ஃபிளிக்கரில் வைக்கத் தொடங்கியதும், ரசிகர்கள் பழைய செய்தித்தாள்களைத் துழாவித் திருத்தங்களைக் குவித்தார்கள். சரிபார்த்தவற்றை நூலகம் தன் பட்டியலிலேயே ஏற்றியது.