கல்லுக்கு ரோஸ் பவுடர்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் என்ன நிறம்? நேரில் பார்த்தவர்கள் சாம்பல், கொஞ்சம் பழுப்பு என்பார்கள். படத்தில் மட்டும் பார்த்தவர்கள் ஆரஞ்சு என்று சத்தியம் செய்வார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஹோட்டல் வரவேற்பறை, டிராவல்ஸ் காலண்டர், வாட்ஸ்அப் காலை வணக்கம் எல்லாவற்றிலும் கோயில் இப்போதுதான் சூளையிலிருந்து இறக்கின மாதிரி இருக்கிறது. பின்னால் வானம், சொட்டு நீலம் கொட்டின வாளி. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் ரயிலிலிருந்து தெரியுமே கொளவாய் ஏரி, அதற்கும் இதே கதி. படத்தில் மாலத்தீவு.

இதைச் செய்கிற ஆசாமியின் பெயர் சாச்சுரேஷன். ஃபோட்டோஷாப்பிலிருந்து கைபேசி வரை எல்லாவற்றிலும் இருக்கிற சின்ன ஸ்லைடர். வலது பக்கம் தள்ளினால் கலர் தூக்கலாக வரும். இடது கோடிக்குத் தள்ளினால் கறுப்பு வெள்ளை. உள்ளே நடப்பது சாதாரணக் கணக்குதான். டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. மூன்றும் சமமானால் சாம்பல். ஸ்லைடர் அந்த எண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அகட்டுகிறது. கல்லில் ஒரு புள்ளி 160, 145, 135 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியை இரட்டித்தால் சுமார் 173, 143, 123. பல்லவர் கல் செங்கல்லாகிவிட்டது! வானத்தில் 100, 160, 230 என்றிருந்த புள்ளியின் நீலத்துக்கு 297 வேண்டும். 255-க்கு மேல் இடமில்லையே, அங்கேயே முட்டி நிற்கும். பக்கத்துப் புள்ளிகளும் வரிசையாக முட்டி நிற்க, அடிவானம் வரை மெல்ல மெல்ல வெளுக்கும் வானம், பெயின்ட் அடித்த சுவராகிவிடும். மென்பொருளுக்கு மென்பொருள் சூத்திரம் மாறும். சங்கதி இதுதான்.

என் புகார் ரசனை பற்றியது மட்டுமில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய கோயில் அது. 1,300 வருஷத்து உப்புக்காற்று மதில்மேல் படுத்திருக்கும் நந்திகளின் மூக்கையும் கண்ணையும் வழித்துவிட்டது. மிச்சமிருப்பதைக் காட்டிக் கொடுப்பது நிறமில்லை, சாம்பலுக்குள் சாம்பலாக ஒளிந்திருக்கும் நிழல். கலரை ஏற்றியதும் கண் வானத்துக்கும் கடலுக்கும் ஓடிவிடுகிறது. நந்தியைக் காணோம்.

'ராஜசிம்மனே கோயிலுக்கு வண்ணம் பூசினவன்தானே ஸார்?' என்று கேட்கலாம். வாஸ்தவம். அவன் கட்டிய காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் சுற்றுச் சன்னதிகளில் சுதையும் ஓவியமும் துணுக்குத் துணுக்காக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நமக்கும் ஜாஸ்தி கலர் பிடிக்கும். கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர் சாமிகளைக் கும்பிட்டு வளர்ந்த கண் இது. வெளிநாட்டுக்காரர்களும் யோக்கியமில்லை. 1990-ல் வந்த ஃப்யூஜியின் வெல்வியா ஃபிலிமைத் தூக்கலான நிறத்துக்காகவே தேடி வாங்கினார்கள். ஆனால் மயிலுக்கு எந்த நீலம், பட்டுக்கு எந்தச் சிவப்பு என்று கொண்டையராஜு தீர்மானித்தார். ஸ்லைடருக்கு அந்தக் கவலை கிடையாது. மயிலுக்கும் மண்ணுக்கும் ஒரே கரண்டி.

கொஞ்சம் விவரமான தம்பி ஒருவன் உண்டு, பெயர் வைப்ரன்ஸ். 2007-ல் லைட்ரூமிலும் 2008-ல் ஃபோட்டோஷாப்பிலும் சேர்ந்தான். ஏற்கெனவே அழுத்தமாக இருக்கும் நிறத்தை அதிகம் தொடமாட்டான், வெளிறியதைத்தான் தூக்குவான். மனிதத் தோலின் சாயல் தெரிந்தால் கையை அடக்கிக்கொள்வான். மாமல்லபுரத்துக் கல்லின் சாயலும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் என்பதால் கோயிலும் பெரும்பாலும் தப்பிக்கும். காலண்டர் போடுகிறவர்கள் இவனிடம் போகலாம்.

அண்ணனைத்தான் பிடிக்கும் என்றால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஸ்லைடரைத் தள்ளும்போது கோயிலைப் பார்க்காதீர்கள். ஓரத்தில் சுண்டல் விற்கிறவர் நிற்பார், அவர் முகத்தைப் பாருங்கள். அவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டால் இரண்டு இஞ்ச் முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.